கம்பத்துல ஆளு நிக்கான்

இஞ்சின் சுத்துத ஹேண்டிலத்தான தேடுதிய அண்ணாச்சி? சாக்குக்கு அடியிலயும் இல்ல, இஞ்சினுக்குப் பொறத்தாலயும் இல்ல. சும்மா குனிஞ்சு குனிஞ்சு தேடாதிய, இடுப்பு பிடிச்சுக்கிடும். இந்தா, எம் மடியிலதான் இருக்கு. முந்தியப் போட்டு மூடி வச்சிருக்கேன், அதான் கண்ணுல படல.

தரமாட்டேன்.

கோவப்படாதிய. எடுத்து ஒளிச்சு விளையாட நான் என்ன பச்சப்பிள்ளையா? அன்னா, அந்த சன்னல் வழியாப் பாருங்க. வாய்க்காக் கரையில, புங்க மரத்துக்கு இங்கிட்டு. கம்பத்துல ஆளு நிக்கான், தெரியுதா? இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு, நமக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்காம்லா, அவன்தான். காலையில அடிச்ச காத்துல கொப்பு ஒடிஞ்சு விழுந்து கம்பி அத்துப் போச்சுல்லா, அதக் கட்டுதான். அவன் கட்டி முடிச்சு, பைய இறங்கி, காலத் தரையில வைக்கணும். அதுக்கப்புறம் நானே கொண்டாந்து ஹேண்டில உங்க கையில தாரேன். அது வரைக்கும் இந்த இஞ்சின் சுத்தக் கூடாது.

நான் யாருன்னா கேக்குதிய? நல்லாக் கேட்டிய. மில்லுக்குப் பொறத்தால ஒரு வளவு இருக்குல்லா, மூணு வீடு. அதுல கடைசி வீடு. ஆவுடைத்தாய்னு கேட்டா தச்சநல்லூர்ல பாதிப் பேரு சொல்லுவாவ. நீங்க வந்து இன்னும் ஒரு மாசம் ஆவல, அதான் என்னத் தெரியல. எனக்கு உங்களத் தெரியும். குற்றாலலிங்கம் அண்ணாச்சி, விக்கிரமசிங்கபுரம், அங்கன நூல் மில்லுல இருந்துட்டு, இங்க வந்து இந்த மில்லக் குத்தகைக்கு எடுத்திருக்கிய. காரம் கூடுன சாப்பாடு ஆவாது. இதெல்லாம் ஊருக்குள்ள பேசிக்கிடுததுதான், நான் ஒண்ணும் உளவு பாக்கல.

எங்க வீட்டுக்காரவிய ஈ.பி.ல லைன்மேன். ஐயம்பெருமாள்னு பேரு. என்ன அப்படிப் பாக்கிய, புருசன் பேரச் சொல்லுதாளேன்னா? ஆபீஸு ஆபீஸாப் போயிச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிட்டு.

சிரிங்க, சிரிங்க. இவ்வளவுதானா விசயம், புருசன் மேல உள்ள பயமான்னு சிரிக்கிய. சிரிச்சுட்டாவது செத்த உக்காருங்க. அந்த மூட்டை மேலயே உக்காருங்க, தவிட்டு மூட்டைதான, ஒண்ணும் ஆவாது.

தெரியும் அண்ணாச்சி. ஈ.பி. கரண்டு வேற, ஜெனரேட்டர் கரண்டு வேற. ஆபீஸுல லைன நிறுத்திட்டாவ, உங்க ஜெனரேட்டர் உங்க மோட்டார ஓட்டப் போவுது, கம்பத்துல நிக்கவனுக்கு அதனால என்ன வந்துச்சு? இதத்தான சொல்ல வாறிய. அது வேற இது வேறங்கிறது மோட்டாருக்குச் சரிதான். எனக்குப் படிப்புக் கிடையாது, ஆனா காது உண்டு. சுவத்துக்கு அந்தப் பக்கம் அடுப்பு முன்னால உக்காந்துக்கிட்டே சொல்லிருவேன், இன்னைக்கு மில்லு எந்தக் கரண்டுல ஓடுதுன்னு. ஈ.பி. கரண்டுன்னா மோட்டாரு ஒரே மூச்சுல எந்திரிச்சுரும். விர்ருன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஜெனரேட்டர்னா அப்படியா? நீங்க சுவிட்சப் போட்ட உடனே இஞ்சினு ஒரு முக்கு முக்குது பாருங்க, கரும்புகையாத் தள்ளும், பல்பெல்லாம் செத்த நேரம் சோந்து போவும், மோட்டாரு எந்திரிக்கவா உக்காரவான்னு ம்ம்ம்முன்னு இழுக்கும். எனக்கே அந்த நேரம் மூச்ச அடைக்கும். எந்திரி மக்கா எந்திரின்னு அடுப்படியில இருந்து சொல்லியிருக்கேன்.

எங்க வீட்டுக்காரவிய சொல்லுவாவ, மோட்டாரு எந்திரிக்கும்போதுதான் பசி கூடவாம். ஓட ஆரம்பிச்சுட்டா கொஞ்சமாத்தான் திங்குமாம். ஊருக்கே கரண்டு குடுக்கவன் அந்தப் பசிக்குப் போட்டுருவான். நம்ம வீட்டு இஞ்சினுக்கு அவ்வளவு சீவன் ஏது? அதான் பெரிய மோட்டார மொதல்ல எழுப்பி விட்டுட்டு, அப்புறமா மாவு மிசின் மோட்டாரப் போடணும்பாவ. நீங்க மாத்திப் போடுதிய. மாவு மிசின் ஓடிக்கிட்டு இருக்கும்போது நெல்லு மோட்டாரப் போட்டா இஞ்சின் தவிக்கத்தான செய்யும். ஒரு நாளைக்கு மோட்டார்ல காயில் கருகி நாறப் போவுது பாருங்க.

அட, அதுக்குக் கோவமா? சரி சரி, நீங்க மில்லுலயே வளந்தவிய, உங்களுக்கு நான் சொல்லுதேன் பாருங்க. ஆனா போன வாரம் மோட்டாரு எதுத்தால சுத்துச்சே, அது யாரு செஞ்ச சோலி? வயர மாத்திக் குடுத்துட்டிய, நெல்லு உள்ள போயி அரிசி வரல, பெல்ட்டு கழண்டு சுவத்துல அடிச்சுது. எங்க வீட்டுல சட்டி உருண்டுது அண்ணாச்சி. ஊரே சிரிச்சுது. நானும் சிரிச்சேன், பொய் சொல்ல மாட்டேன். சிரிச்சுக்கிட்டே இருக்கும்போதுதான் உறைச்சுது. எந்த வயரு எங்க போவுதுன்னு பாக்காம முறுக்கி விட்டிருக்காரே இந்த மனுசன்னு. அன்னையில இருந்து எப்பக் கரண்டு போவுமோன்னு பாத்துக்கிட்டே இருக்கேன். இன்னைக்குப் போச்சு. கம்பத்துல ஏணி சாத்துத சத்தம் கேட்டுது. அடுப்ப அப்படியே விட்டுட்டு இங்க வந்துட்டேன்.

அவளா? வெளிய நின்னு ஏசுதது ஜமீலா பீவி. தெரியும். நாளைக்கு அவ மவளுக்கு நிக்காஹ். அரிசி ஊறப் போட்டு எடுத்து, ரெண்டு கடவப் பெட்டி நிறைய கொண்டாந்து வச்சிருக்கா. இப்ப அரைக்கலன்னா புளிச்சுப் போவும். மேலப்பாளையத்துல இருந்து சம்பந்தக்காரவிய இன்னைக்குப் பொழுதடையவே வந்துருவாவளாம். அவ ஏசுததுல ஞாயம் இருக்கு. நான் அவ கால்ல வேணும்னாலும் விழுந்துக்கிடுதேன். ஏ ஜமீலாக்கா, செத்தப் பொறு, உம் மவ கல்யாணம் நல்லா நடக்கும், செத்தப் பொறு!

  

ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லுங்க. அந்தப் பிள்ளையார் படத்துக்கு முன்னால சின்னதா செவப்பு பல்பு போட்டிருக்கிய. அதுக்கு எங்கன இருந்து லைன் வருது? தெரியாதா. நீங்க போட்டது இல்ல, பழைய முதலாளி போட்டது. சரி. ஈ.பி. கரண்டு இருக்கும்போது அது எரியுது. ஜெனரேட்டர் ஓடும்போது?

எரியும், என்ன? ஈ.பி. மீட்டர்ல இருந்து வார லைன்ல, மெயின் சுவிட்சுக்கு முன்னாலயே தொங்குத பல்பு, உங்க ஜெனரேட்டர்ல எப்படி அண்ணாச்சி எரியும்?

யோசிங்க. எனக்கு அவசரம் இல்ல. அவன் இன்னும் மேலதான் நிக்கான்.

ஜெனரேட்டர் வயர நீங்க எங்க கொண்டு போயிக் குடுத்திருக்கிய? போர்டுலதான? அந்த போர்டுலதான் ஈ.பி. வயரும் வந்து சேருது. நடுவுல என்ன இருக்கு? அந்த மெயின் ஒண்ணுதான். மெயின இறக்கினாத்தான் இது தனி, அது தனி. மெயின் மேல இருந்துச்சுன்னா நீங்க சுத்துத கரண்டு உங்க மோட்டாருக்கும் போவும், மீட்டரு வழியா வெளிய கம்பத்துக்கும் போவும். கரண்டுக்கு எந்தப் பக்கம் போவணும்னு யாரு சொல்லிக் குடுத்தா? வழி இருந்தாப் போவும். மோட்டாருக்குத்தான் ரெண்டும் வேற வேற. கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கவன் கைக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

இறக்கிட்டுத்தான் போடுவியளா? சரி, ரொம்ப நல்லது. நான் இல்லன்னு சொல்லல. பெரிய மில்லுல இருந்தவிய, உங்களுக்குத் தெரியாம இருக்காது. ஆனா கேளுங்க. இங்க உள்ள பழைய முதலாளிக்குப் பிள்ளையார் மேல ஒரே பித்து. விளக்க அணைன்னு நம்ம சொல்ல மாட்டோம்லா, அமத்துன்னுதான சொல்லுவோம். அவரு அமத்துன்னு கூடச் சொல்ல விட மாட்டாரு. சாமிக்கு எரியுத விளக்குல மனுசன் கை படக் கூடாதும்பாரு. கரண்டு தானாப் போனா அது சாமி பாடு. ஜெனரேட்டர் போடும்போது நாம மெயின இறக்குனா, விளக்க நாமளே அமத்துனதா ஆயிரும்லா. அதனால மெயின இறக்கவே மாட்டாரு. ஜெனரேட்டர் போடும்போதும் இறக்க மாட்டாரு. கைப்பிடிக்குச் சந்தனம் பூசி, பூச் சுத்தி வச்சிருப்பாரு. அவரு கெட்டவரு இல்ல அண்ணாச்சி. எறும்புக்குக் கூட அரிசி போடுவாரு.

நீங்களும் ஆயுத பூசைக்கு அந்தக் கைப்பிடியில சந்தனம் பூசினிய. நான் வரும்போது பாத்தேன். காஞ்சு போயி இருக்கு. ஒரு கீறல் விழல. இறக்கி ஏத்துன கைப்பிடின்னா சந்தனம் உதிந்திருக்கும்லா?

போயிப் பாத்துட்டு வாங்க. நான் எங்கயும் ஓடிர மாட்டேன்.

என்ன அண்ணாச்சி, முகம் இப்படிப் போயிட்டு? மேலதான் இருந்துச்சா?

சரி விடுங்க. போன தடவ இறக்கினேன், இன்னைக்கு ஜமீலா பீவி போட்ட சத்தத்துல மறந்துட்டுன்னு சொல்லுதிய. இருக்கும். மறக்கத்தான் செய்யும். வீட்டுல பால் காய்ச்சுதவளுக்கு மறக்கல? நான் உங்களக் குத்தம் சொல்ல வரல. இப்ப இறக்கிட்டியளா? நல்லது. மூடியத் தொறந்து பாத்தியளா? கைப்பிடி கீழ வந்தாப் போதாதாம். உள்ள மூணு செம்புக் கத்தி இருக்கும்லா, மூணும் வாய விட்டு வெளிய வந்துருக்கணும். கைப்பிடிய நம்பாத, கத்தியப் பாருன்னு அவிய எல்லாத்துகிட்டயும் சொல்லுவாவ. இன்னொரு தடவ பாத்துட்டு வாங்க. கைய விடாதிய, கண்ணால பாருங்க.

ஒரு கத்தி ஒட்டிக்கிட்டு நிக்குதா?

எய்யா பிள்ளையாரே.

இருங்க. தட்டழியாதிய. நீங்க இன்னும் இஞ்சினச் சுத்தல. ஒண்ணும் நடக்கல. அந்தாப் பாருங்க, அவன் நல்லா நிக்கான், கீழ இருக்கவன்கிட்ட எதையோ கேட்டுக் கை நீட்டுதான். ஒண்ணும் நடக்கல அண்ணாச்சி. நீங்க தண்ணியக் குடிங்க. குடிச்சுட்டு, காஞ்ச கட்டை ஒண்ண எடுத்து அந்தக் கத்தியத் தட்டி இறக்குங்க. இறக்கிட்டு பீஸ் கட்டை மூணையும் உருவி எடுத்துருங்க. உருவினத என் கண் முன்னால கொண்டாந்து வைங்க.

ஒண்ணு. ரெண்டு. ம், மூணு. ரொம்ப நல்லது.

இப்பயும் தரமாட்டேன்.

தெரியும், தெரியும். இப்ப கம்பத்துக்குப் போவ வழி இல்ல. உருவிட்டிய. நீங்க ஜெனரேட்டரப் போட்டா உங்க மோட்டாரு மட்டுந்தான் ஓடும். புத்திக்கு எல்லாம் வெளங்குது. ஆனா கை தர மாட்டேங்கு. நான் என்ன செய்ய? இஞ்சினு டப டபன்னு எடுக்குத அந்தச் சத்தம் கேக்கும்போது அவன் கம்பத்துல நிக்கக் கூடாது. எனக்குப் பயமா இருக்கு அண்ணாச்சி. அவ்வளவுதான். ஞாயம் கேட்டா எங்கிட்ட இல்ல.

கிட்ட வராதிய. பிடுங்கணும்னா எம்மேல கைய வச்சுத்தான் பிடுங்கணும். நாலு பொம்பளைய வெளிய நின்னு பாத்துக்கிட்டு இருக்காவ. கோட்டிக்காரின்னு சொல்லிக்கிடுங்க, ஒண்ணும் இல்ல. ஏற்கெனவே இந்த வளவுல பாதிப் பேரு அப்படித்தான் சொல்லுதாவ. கரண்டு போனா அவ வீட்டுல நிக்க மாட்டா, வெளிய ஓடி வந்து கம்பத்தப் பாப்பான்னு சொல்லுதாவ. சொல்லட்டும்.

என்னது? நீங்களே போயி எம் புருசன்கிட்டச் சொல்லுதியளா? ஐயம்பெருமாளு, உம் பொண்டாட்டிய வந்து கூட்டிட்டுப் போன்னு?

அது அவிய இல்ல அண்ணாச்சி.

கம்பத்துல நிக்கது யாருன்னு எனக்குத் தெரியாது. யாரோ புதுசா மாத்தலாகி வந்திருக்கானாம். பேரும் தெரியாது, முகத்தையும் இன்னும் பாக்கல. நான் வரும்போதே ஏறிட்டான், முதுகுதான் தெரியுது.

எங்க வீட்டுக்காரவிய போயிட்டாவ. பெருவெள்ளம் வந்துதுல்லா, அதுக்கு மறு வருசம். அதே கம்பம்தான். இதே மில்லுதான். உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாவ, மில்லு குத்தகைக்குப் போவணும்லா. அதுக்கப்புறம்தான் பழைய முதலாளி மில்லப் பூட்டிட்டு மதுரைக்குப் போனாரு. போவும்போது எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. உள்ள வரல. நானும் வாங்கன்னு சொல்லல.

அன்னைக்கும் இப்படித்தான், மழை விட்டிருந்த நேரம். இந்த லைன்ல மில்லும் எங்க வளவுல மூணு வீடும் மட்டுந்தான். கம்பி அத்தா நாலு இடத்துலயும் ஒண்ணாப் போவும், கட்டிட்டா ஒண்ணா வரும். அவிய வேலைக்குப் போற இடம் வீட்டுக்குப் பக்கத்துலயே வந்துட்டுல்லா, முடிச்சிட்டு நேரா சாப்பிட வாறேன்னு சொல்லிட்டுப் போனாவ. அவியளுக்குப் பிடிக்கும்னு சொதி வச்சிருந்தேன். நான் அடுப்படியில உக்காந்திருக்கேன். மில்லுல இஞ்சின் சத்தம் கேட்டுது. சரி, ஜெனரேட்டரப் போட்டுட்டாவன்னு நெனச்சேன். அந்த நேரத்துல வீட்டுல பல்பு எரிஞ்சுது அண்ணாச்சி. அப்படியே சோந்துக்கிட்டே எரிஞ்சுது. எரிஞ்சுதா, எனக்குச் சந்தோசம். கரண்டு வந்துட்டே, அப்ப அவிய வேலை முடிஞ்சு இறங்கிட்டாவன்னுட்டு, இலையப் போட்டுச் சோத்த வச்சேன். வச்சுட்டு விசிறிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ஏன் அண்ணாச்சி எந்திரிக்கிய? உக்காருங்க. உங்களுக்கு என்ன, நீங்க ஒண்ணும் செய்யல.

அன்னா. அன்னா பாருங்க, இறங்குதான். பைய, பைய. ம், தரையில கால வச்சுட்டான். கயித்த அவுக்கான். இந்தப் பக்கம் திரும்புதான்.

யாரு பெத்த பிள்ளையோ.

இந்தாங்க உங்க ஹேண்டிலு. ஆனா செத்த நேரத்துல கரண்டே வந்துரும், இனி இஞ்சின் எதுக்கு? பீஸ் கட்டைய மாட்டி மெயின ஏத்திட்டு, போயி ஜமீலாக்காகிட்ட அரிசிய உள்ள கொண்டாரச் சொல்லுங்க.